மாலை ரயில் வரை போன் தாங்க வேண்டுமானால்

கேள்வி: கல்யாணில் குடியிருக்கிறேன். மும்பை ஃபோர்ட் பகுதியில் ஒரு சரக்குப் போக்குவரத்து அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை. என்னிடம் இருப்பது மூன்று வருடப் பழைய ஆண்ட்ராய்டு போன். காலை 7 மணிக்கு 100 சதவீத சார்ஜுடன் கிளம்பினால் மாலை ஐந்தரைக்கு 15-க்கு வந்துவிடுகிறது. சில நாட்களில் 20 காட்டும்போதே அணைந்தும் போகிறது. அலுவலக வாட்ஸ்அப் குழுக்கள், பில்களைப் படமெடுத்து அனுப்புவது, லேப்டாப்புக்கு ஹாட்ஸ்பாட், யூபிஐ, சீசன் பாஸ், திருநெல்வேலியில் இருக்கும் அம்மாவுடன் வீடியோ கால், திரும்பும் வழியில் சீரியல் என எல்லாமே இந்த ஒரு போனில்தான். மகன் புதிய போன் வாங்கச் சொல்கிறான். உடன் வேலை பார்ப்பவர் டேப்லெட் வாங்கச் சொல்கிறார். எது சரி?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம் என்பதே என் கருத்து. பேட்டரியை மாற்றுங்கள், அத்துடன் ஹாட்ஸ்பாட் பழக்கத்தையும் சற்று மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட வரி, 20 சதவீதம் காட்டும்போதே போன் அணைந்துவிடுகிறது என்பதுதான். போன் பழையதாகிவிட்டதற்கு அல்ல, பேட்டரி பழையதாகிவிட்டதற்கே அது அறிகுறி.

லித்தியம் அயன் பேட்டரி முதுமையடையும்போது இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன. ஒன்று, அதில் தங்கும் மின்சாரத்தின் அளவு குறைகிறது. இது எல்லோரும் அறிந்தது. மற்றொன்று, அதன் உள்தடை கூடுகிறது. பழைய வீட்டின் மாடித் தொட்டியில் தண்ணீர் இருந்தும், உப்புப் படிந்த குழாயில் இரண்டு பைப்பை ஒரே நேரத்தில் திறந்தால் தண்ணீர் சொட்டத் தொடங்கிவிடுகிறதல்லவா, அதைப் போன்றதுதான் இது. கேமராவும் ஃபிளாஷும் மொபைல் டேட்டாவும் ஒரே கணத்தில் மின்சாரம் கேட்கும்போது மின்னழுத்தம் சட்டென்று சரிகிறது. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும் போன் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது. திரையில் தெரிந்த 20 பொய்யன்று. அந்த 20 உள்ளே இருக்கிறது, ஆனால் தேவைப்படும் வேகத்தில் வெளியே வர மறுக்கிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பேட்டரியின் வயதைச் சார்ஜ் சுற்றுகளில் அளப்பார்கள். மொத்தம் 100 சதவீதம் செலவானால்தான் அது ஒரு சுற்று. இன்று 50, நாளை 50 என்றாலும் ஒரு சுற்றுதான். நீங்கள் வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு 85 சதவீதம் செலவழிப்பதாக வைத்துக்கொண்டால், மூன்றாண்டில் ஏறத்தாழ 800 சுற்றுகள் ஆகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளையும் இரவு நேர உபயோகத்தையும் நான் சேர்க்கவே இல்லை. சில ஆண்டுகளுக்கு முன்வரை வந்த பல போன்களில் 500 சுற்றுகளுக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சினாலே அது நல்ல பேட்டரி. ஆக, உங்கள் பேட்டரி தன் வேலையை முடித்துவிட்டது. அதற்காக நல்ல நிலையில் இருக்கும் திரையையும் கேமராவையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. பெரும்பாலான மாடல்களில் பேட்டரி மாற்றும் செலவு, புதிய போன் விலையில் ஒரு சிறு பங்கே.

மாற்றுவதற்கு அந்த போன் நிறுவனத்தின் அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டருக்கே செல்லுங்கள். மும்பையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான லாமிங்டன் ரோட்டில் கைதேர்ந்த மெக்கானிக்குகள் இருக்கிறார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் மெக்கானிக்கின் திறமை வேறு, அவர் கையில் கிடைக்கும் பேட்டரியின் தரம் வேறு. ‘ஒரிஜினல்’ என்று அச்சிட்ட உறைக்குள் எந்த ஆண்டுச் சரக்கு இருக்கிறது என்பதை அவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. உபயோகிக்காமல் அலமாரியில் கிடந்தாலும் இந்தப் பேட்டரிகளுக்கு வயது ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

இனி ஹாட்ஸ்பாட். செட்டிங்ஸில் பேட்டரி என்ற பகுதிக்குப் போய், எந்தச் செயல் எவ்வளவு மின்சாரம் எடுத்தது என்ற பட்டியலை ஒரு வேலைநாளின் மாலையில் பாருங்கள். என் மனைவியின் போனில் இப்படிப் பார்த்தபோது, அவர் குற்ற உணர்ச்சியுடன் பார்த்துவந்த சமையல் வீடியோக்கள் பட்டியலில் மூன்றாவதாகத்தான் நின்றன. முதலிடத்தில் இருந்தவை ஹாட்ஸ்பாட்டும் மொபைல் நெட்வொர்க்கும். உங்கள் போனிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஹாட்ஸ்பாட் இயங்கும்போது போன் ஒரு பக்கம் டவருடனும் மறுபக்கம் லேப்டாப்புடனும் இடைவிடாமல் பேசிக்கொண்டிருக்கிறது. போதாக்குறைக்கு, ஃபோர்ட்டின் பழைய கற்கட்டடங்களில் சுவர்கள் தடிமனானவை. சிக்னல் மங்கும் இடத்தில் போன் தன் அலைபரப்பியின் சக்தியைக் கூட்டிக்கொண்டுதான் டவரை எட்டுகிறது. மெதுவாகப் பேசினால் கேட்காத இடத்தில் நாம் கத்திப் பேசுவது போல, நாள் முழுவதும் அது கத்திக்கொண்டிருக்கிறது.

இதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. வயர்லெஸ் ஹாட்ஸ்பாட்டுக்குப் பதிலாக போனை யூஎஸ்பி கேபிளால் லேப்டாப்பில் இணைத்து, அதே ஹாட்ஸ்பாட் பக்கத்தில் இருக்கும் ‘யூஎஸ்பி டெதரிங்’ என்பதை இயக்குங்கள். இன்டர்நெட் போனிலிருந்து லேப்டாப்புக்குப் போகும். மின்சாரம் லேப்டாப்பிலிருந்து போனுக்கு வரும். முழு வேகத்தில் சார்ஜ் ஏறாது என்றாலும், இறங்குவதாவது பெரும்பாலும் நிற்கும். அலுவலகத்தில் வைஃபை இருந்தால் இதற்கும் தேவையில்லை. வைஃபை காலிங் வசதியையும் இயக்கிவிட்டால் அழைப்புகளும் அதன் வழியே வரும், போன் டவரைத் தேடித் தவிக்க வேண்டியிராது. ஓடும் ரயிலிலும் டவர் மாறிக்கொண்டே இருப்பதால் இதே தவிப்புதான். 5ஜி வந்து வந்து போகும் தடங்களில் நெட்வொர்க்கை 4ஜி-யில் நிறுத்திவைப்பது பலன் தரும்.

பலரும் செய்யும் ஒரு வேலையை மட்டும் செய்யாதீர்கள். பின்னணியில் இருக்கும் செயலிகளை எல்லாம் அடிக்கடி தள்ளித் தள்ளி மூடுவதால் மின்சாரம் மிச்சமாவதில்லை. மூடியதை மறுபடி முதலிலிருந்து திறக்க அதைவிட அதிகம் செலவாகும். டார்க் மோடும் ஓரளவுக்குத்தான் உதவும். கறுப்பு தெரியும் இடத்தில் ஒளியே எரியாத ஓஎல்இடி திரைகளை வைத்து அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வீட்டுக்குள் நாம் வழக்கமாக வைக்கும் 30 முதல் 50 சதவீத வெளிச்சத்தில் அதனால் மிச்சமாவது சராசரியாக 3 முதல் 9 சதவீதமே; முழு வெளிச்சத்தில்தான் அது 39 முதல் 47 சதவீதம் வரை போகிறது. திரை எல்சிடி வகை என்றால், கறுப்பிலும் பின்விளக்கு எரிந்துகொண்டே இருப்பதால், மிச்சம் ஏதும் இராது. வெளிச்சத்தைக் குறைப்பதே நேர்வழி.

சீரியலுக்கு வருகிறேன். அதை நிறுத்தச் சொல்லப் போவதில்லை. ஒரு நாள் முழுக்கப் பில்களோடு மல்லாடியவருக்கு அந்த ஒரு மணி நேரம் நியாயமானதே. முந்தைய இரவே வீட்டு வைஃபையில் அத்தியாயத்தை டவுன்லோட் செய்து வைத்துக்கொண்டு, ரயிலில் டேட்டாவை அணைத்துவிட்டுப் பாருங்கள். டவர் மாறும்போது படம் நின்று நின்று ஓடும் எரிச்சலும் இராது, மின்சாரமும் குறைவாகச் செலவாகும். கைக்கடக்கமான திரைக்கு உயர்ந்த தரம் தேவையில்லை. நடுத்தரத்தில் டவுன்லோட் செய்தால் ஸ்டோரேஜும் மிஞ்சும். மாலையில் ரயில் ஃபோர்ட்டை ஒட்டிய சிஎஸ்எம்டி (சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ்) நிலையத்திலிருந்தே புறப்படுவதால் உங்களுக்கு உட்கார இடம் கிடைக்க வாய்ப்புண்டு. காலையில் லேடீஸ் டப்பாவில் நின்றுகொண்டு வருகிறீர்கள் என்றால் திரையை மறந்துவிட்டுக் காதுக்கு மட்டும் வேலை கொடுங்கள். திரை அணைந்த நிலையில் பாட்டோ பேச்சோ கேட்பதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. டேப்லெட் வேண்டாம் என்றதற்கும் இந்த நெரிசல்தான் காரணம். ஒரு கையால் கைப்பிடியைப் பற்றியபடி மறு கையால் டேப்லெட்டைப் பிடிப்பது நடக்கிற காரியமில்லை. பையில் சுமக்கும் பொருளில் ஒன்று கூடும், அவ்வளவுதான்.

வாசல் ஓரத்தில் நின்று போன் பார்ப்பதையும் தவிர்க்க வேண்டும். தண்டவாள ஓரத்தில் நின்று கையில் அடித்து போனைப் பறிக்கும் ‘ஃபட்கா’ கும்பலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போனோடு போகட்டும் என்று இருக்க முடியாது, பிடி நழுவினால் உயிருக்கே ஆபத்து. *#06# என்று அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை (போனின் அடையாள எண்) இன்றே ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். போன் தொலைந்தால் போலீஸ் புகாருடன் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அதைப் பதிவுசெய்து, அந்த போன் இந்தியாவின் எந்த நெட்வொர்க்கிலும் இயங்காதபடி முடக்கலாம்.

அடுத்தது சீசன் பாஸ். எனக்கு ஒருமுறை நேர்ந்ததைச் சொல்கிறேன். மாலையில் பிளாட்ஃபாரத்தில் டிக்கெட் பரிசோதகர் கை நீட்டிய அதே கணத்தில் என் போன் கறுத்துப் போனது. பாஸ் வாங்கியிருக்கிறேன், பணம் கட்டிய எஸ்எம்எஸ் கூட உள்ளே இருக்கிறது என்றெல்லாம் அணைந்த போனை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அவரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். செயலியில் டிக்கெட்டைக் காட்ட முடியாவிட்டால் டிக்கெட் இல்லாப் பயணமாகத்தான் கொள்ளப்படும். கட்டணத்துடன் குறைந்தது 250 ரூபாய் அபராதம். ஸ்கிரீன்ஷாட்டும் செல்லாது. ஆகவே, அடுத்த முறை மூன்று மாதப் பாஸைக் கவுன்டரில் காகிதமாகவே எடுத்து அடையாள அட்டையுடன் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். தொழில்நுட்ப ஆலோசனை சொல்ல வந்தவன் காகிதத்தைச் சிபாரிசு செய்வது விந்தையாகத் தோன்றலாம், ஆனால் காகிதத்துக்குச் சார்ஜ் இறங்குவதில்லை. அதுபோலவே, இருநூறு ரூபாய் ரொக்கம் பையில் இருந்தால் ஸ்டேஷனுக்கு வெளியே ஷேர் ஆட்டோவுக்கு யூபிஐ-யை நம்பியிருக்க வேண்டாம்.

பவர் பேங்க் வாங்குவதானால் 10,000 எம்ஏஎச் போதும். அந்த எண்ணை அப்படியே நம்பி, 5,000 எம்ஏஎச் போனை இரண்டு முறை நிரப்பலாம் என்று எண்ணிவிடக் கூடாது. உள்ளே இருக்கும் செல் 3.7 வோல்ட், வெளியே வருவது 5 வோல்ட் அல்லது அதற்கு மேல். மாற்றும்போது வெப்பமாகவும் கொஞ்சம் போய்விடும். பெட்டியின் பின்புறம் சிறிய எழுத்தில் ‘ரேட்டட் கெபாசிட்டி’ என்று 6,000-ஐ ஒட்டி ஓர் எண் இருக்கும், உண்மையில் கைக்கு வருவது அதுதான். அது 5 வோல்ட்டுக் கணக்கு, போனின் 5,000 அதைவிடக் குறைந்த வோல்ட்டுக் கணக்கு என்பதால், நடைமுறையில் ஒன்றேகால் முதல் ஒன்றரை முறை வரை நிரப்பலாம். அதற்குப் பக்கத்திலேயே இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ். முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவெண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டு உண்மையானதுதானா என்று கடையில் நின்றபடியே சரிபார்க்கலாம். உப்பிப்போன பவர் பேங்கை ஒரு நாள்கூட உபயோகிக்காதீர்கள்.

புதிய பேட்டரி வந்த பிறகு அதன் ஆயுளைத் தின்பது முக்கியமாகச் சூடுதான். சார்ஜ் ஏறும்போதே ஹாட்ஸ்பாட்டும் வீடியோ காலும் சேர்ந்து ஓடுவது, அதுவும் தடித்த உறைக்குள், மிகவும் கெடுதல். அம்மாவுடன் பேசிவிட்டு அதன் பிறகு சார்ஜில் போடுங்கள். யூஎஸ்பி டெதரிங்கின்போது லேப்டாப்பிலிருந்து ஏறுவது மெதுவான சார்ஜ் என்பதால் சூடு அவ்வளவு கூடாது. என்றாலும் போனின் உறையைக் கழற்றி வைப்பது நல்லது. 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நாள் முழுக்கச் சார்ஜருக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது சரி, காலை 7 மணிக்குக் கிளம்பி இரவு திரும்பும் உங்களுக்குப் பொருந்தாது. இரவில் 80-இல் நிறுத்திவைத்து, நீங்கள் எழும் நேரத்துக்குச் சற்று முன் 100-க்குக் கொண்டுவரும் ‘அடாப்டிவ்’ சார்ஜிங் உங்கள் மாடலில் இருந்தால் அதை இயக்குங்கள்.

சர்வீஸ் சென்டருக்குப் போகுமுன் செட்டிங்ஸில், பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் ‘செக்யூரிட்டி அப்டேட்’ கடைசியாக எந்தத் தேதியில் வந்தது என்று ஒருமுறை பாருங்கள். சமீபத்தில் வந்திருந்தால் பேட்டரியை மாற்றுங்கள். ஒரு வருடத்துக்கும் மேலாக எதுவும் வராமல், இனி வராது என்று நிறுவனமே அறிவித்துவிட்ட மாடல் என்றால் மட்டும் மகன் சொல்வதைக் கேளுங்கள். அலுவலக ஆவணங்களும் வங்கிக் கணக்கும் ஒரே இடத்தில் இருக்கும் போனில் அந்த ஓட்டையைத் திறந்துவைக்கக் கூடாது. மாற்றுவது பேட்டரிதான் என்றால் படங்களையும் வாட்ஸ்அப்பையும் பேக்கப் எடுத்துவிட்டுக் கொடுங்கள். பின்மூடியைத் திறந்தால் தண்ணீர் புகாமல் காக்கும் ஒட்டுப்பசை பிரியும். புதிய சீல் போட்டுத் தருவார்களா என்று முதலிலேயே கேட்டு, முடிந்தால் ஜூன் மழை இறங்குவதற்கு முன் வேலையை முடித்துவிடுங்கள்.