கன்றின் மடியைத் தொட்டுப் பார்த்ததுண்டா? – கேள்வி பதில்

கிடேரி, அதாவது பெண் கன்றின் மடியைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கழிச்சல், குடற்புழு, கொம்பு சுடுவது என்று எல்லாமே வந்துவிட்டது. அவற்றை எடுத்து வைத்திருக்கிறேன், இன்னொரு நாள் பார்ப்போம். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

அக்கா, எங்கள் கன்றுக்கு ஆறு மாதம். மடி நல்லா பொதபொதன்னு இருக்கு. பெரிய மடி, பின்னாடி நிறைய கறக்கும்னு பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். உண்மையா?

பொதபொதன்னு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், தம்பி. அது கொழுப்பு. பால் சுரக்கப்போகும் திசு வேறு, அது உள்ளே ஒளிந்திருக்கும்.

கன்றைக் கட்டிவிட்டுப் பக்கவாட்டில் உட்காருங்கள். காம்பின் அடிப்பகுதியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, மெதுவாக மேல்நோக்கி மடிக்குள் நகர்த்துங்கள். மெத்தென்ற கொழுப்புக்கு நடுவே, கொஞ்சம் கெட்டியாக, உருட்டினால் விரலுக்குத் தட்டுப்படும் ஒரு முடிச்சு இருக்கும். சின்னக் கன்றில் அது பாதாம் பருப்புப் போல இருக்கும். மாதம் ஏற ஏறப் பெரிதாகும். நான்கு காம்புக்கு மேலும் தனித்தனியாக இருக்கும். மடியின் நான்கு பாகத்துக்கும் உள்ளே தொடர்பு கிடையாது, ஒன்றின் பால் இன்னொன்றுக்குப் போகாது. மாதம் ஒருமுறை இப்படித் தடவிப் பார்த்தால் போதும், வெளியே தெரியும் அளவைப் பார்த்து மயங்க மாட்டீர்கள்.

காம்பை மட்டும் பிதுக்கிப் பார்க்காதீர்கள். துவாரத்தில் மெழுகு போல ஓர் அடைப்பு இருக்கும். கிருமி உள்ளே போகாமல் காப்பது அதுதான்.

மடி வளர்வது சினை பிடித்த பிறகுதானே? அதற்கு முன்னால் கவனித்து என்ன பயன்?

கண்ணுக்குத் தெரியும் வளர்ச்சி சினையில்தான், அதுவும் கடைசி மூன்று மாதத்தில். ஆனால் பால் நாளங்கள் கிளை பரப்பும் வேலை முன்பே நடக்கிறது. பிறந்ததிலிருந்து இரண்டு மூன்று மாதம் வரை மடி உடம்போடு சேர்ந்து வளரும். அதற்குப் பிறகு பருவத்துக்கு வரும்வரை, ஏறக்குறைய ஒன்பது மாதம் வரை, உடம்பைவிடப் பல மடங்கு வேகமாக வளரும். பருவத்துக்கு வந்ததும் மறுபடி உடம்போடு ஒத்த நடைதான். சினை பிடித்ததும் மீண்டும் வேகம். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சின்ஹா, டக்கர் என்ற இருவர் 1969இல் கன்றுகளின் மடித் திசுவை அளந்து இதைக் காட்டினார்கள்.

சினைக் காலத்தில் வரும் பால் நுண்ணறைகள், கன்றுப் பருவத்தில் ஓடிய நாளங்களின் நுனியில்தான் முளைக்கின்றன. கிளை இல்லாத மரத்தில் எங்கே காய்க்கும்?

கன்றுக்குப் பால் கொடுக்கும் காலத்தில் நாளுக்கு 4 லிட்டர் கொடுக்கிறேன். அதற்கும் மடிக்கும் சம்பந்தம் உண்டா மேடம்?

நிறைய உண்டு. 40 கிலோ கன்றுக்கு 4 லிட்டர் என்பது எடையில் பத்தில் ஒரு பங்கு. பழைய கணக்கு அது. உயிர் தங்கும், வளர்ச்சி மந்தம். இப்போது 6 முதல் 8 லிட்டர் வரை, படிப்படியாக ஏற்றி, வேளைகளாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். முதல் இரண்டு மாதத்தில் நன்றாகப் பால் குடித்த கன்றில் சுரப்பித் திசு கூடுகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கார்னெல் பல்கலைக்கழகப் பண்ணையின் கணக்கு 2012இல் வந்தது. பால் மறக்கும் முன் தினசரி எடை கூடுவதில் ஒவ்வொரு கிலோவுக்கும் முதல் ஈற்றுக் கறவையில் சுமார் 850 கிலோ பால் அதிகம். எந்தக் கன்றும் நாளுக்கு முழுக் கிலோ கூடுதலாக ஏறிவிடாது. 200 கிராம் கூடினால் சுமார் 170 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வயதில் மிச்சம் பிடித்த பாலை விற்று வரும் காசு, என் பார்வையில், நஷ்டக் கணக்கு.

அப்படியானால் பால் மறந்த பிறகும் அடர்தீவனத்தை (தானியம், பிண்ணாக்குக் கலவை) அள்ளி வைக்கலாமா?

கூடாது. மூன்றிலிருந்து ஒன்பது மாதம் வரை உடம்பு ஏறுவது எலும்பாகவும் சதையாகவும் ஏற வேண்டும். நான் இதில் பட்டிருக்கிறேன். ஆரம்ப காலத்தில் இரண்டு கிடேரிகளை ஆசைக்குத் தீவனம் வைத்துப் பளபளவென்று வளர்த்தேன். ஏழு மாதத்திலேயே பருவத்துக்கு வந்தன. பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். ஈன்ற பிறகு, சாதாரணமாக வளர்ந்த தங்கைக் கிடேரி அவை இரண்டையும் கறவையில் தாண்டியது.

தீவனமே திசுவை நேராக அழிக்கிறது என்று முன்பு நினைத்தார்கள். பிறகு வந்த ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்கின்றன: வேகமாக எடை ஏறும் கன்று சீக்கிரம் பருவத்துக்கு வருகிறது, அதனால் அந்த வேக வளர்ச்சிக் காலம் சுருங்குகிறது. ஹோல்ஸ்டீன் போன்ற பெரிய இனத்துக்கு நாளுக்கு 700–900 கிராம் எடை கூடினால் நல்லது. ஜெர்சி போன்ற சிறிய இனத்துக்கு 500–600 கிராம். புரதத்தைக் குறைக்காதீர்கள், தானியத்தை மட்டும் குவிப்பதுதான் தவறு. வால் அடியில் கொழுப்பு உருண்டு நின்றால் தீவனத்தைக் குறையுங்கள்.

தராசு இல்லாதவர்களுக்கு: மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பின் எலும்பு முனை வரை நீளத்தையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 10,840 ஆல் வகுத்தால் ஏறத்தாழ கிலோ வரும்.

எங்கள் கன்றுக்கு ஐந்து காம்பு. வெட்டலாமா, விடலாமா?

வெட்டுவது நல்லது. அந்தக் காம்புக்குத் தனிச் சுரப்பி இருந்தால் பின்னாளில் மடிநோய் அங்கிருந்து தொடங்கும், கறவை இயந்திரத்துக்கும் இடைஞ்சல். ஆனால் எந்தக் காம்பு உபரி என்பதில் அவசரமே கூடாது. பெரும்பாலும் பின்காம்புகளுக்குப் பின்னால் இருக்கும், சில நேரம் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில். எங்கள் கொட்டிலில் ஒரு முறை கன்றை நிற்கவைத்தே எண்ணி, கூலிக்கு வந்தவர் வலது பின்காம்பை நறுக்கிவிட்டார். கடைசிவரை மூன்று காம்பில்தான் கறந்தது.

அன்றிலிருந்து கன்றை மல்லாக்கப் படுக்க வைத்து, நல்ல வெளிச்சத்தில், நான்கு காம்பும் சதுரமாக அமைவதைப் பார்த்து, அந்த நான்கையும் விரலால் மூடிக்கொண்டு மிச்சத்தைப் பார்க்கிறேன். சந்தேகம் இருந்தால் ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள், மரப்பு ஊசி போட்டு, கால்நடை மருத்துவர் கையால் செய்வதே சரி. வெட்டு உடம்பின் நீளவாக்கில் இருக்க வேண்டும், பிறகு அயோடின். இரண்டு காம்பு ஒட்டிக்கொண்டிருந்தால் நீங்கள் கத்தரியைத் தொடவே வேண்டாம். இது பரம்பரையாகவும் வரும். தாய்க்கும் அக்காவுக்கும் இருந்ததா என்று பாருங்கள்.

கன்றுகள் ஒன்றின் மடியை ஒன்று சப்புகின்றன அண்ணி. விளையாட்டுதானே?

விளையாட்டு இல்லை. சப்பும்போது அடைப்பு போகும், கிருமி ஏறும். அப்போது எதுவும் தெரியாது. இரண்டு வருஷம் கழித்து ஈன்ற அன்று காம்பை இழுத்தால் ஒன்றும் வராது, குருட்டுக் காம்பு.

பால் குடித்து முடிந்ததும் பத்து பதினைந்து நிமிடம் சப்பும் வெறி இருக்கும். அந்த நேரம் தனித்தனியாகக் கட்டுங்கள், முன்னால் கொஞ்சம் உலர்தீவனம் வையுங்கள். வாளியில் கொடுப்பதைவிட ரப்பர் காம்பில், துளை சிறியதாக, மெதுவாகக் குடிக்க விடுங்கள். பாலைத் திடீரென்று நிறுத்தினால் இந்தப் பழக்கம் கூடும். மடிநோய் மாட்டின் பாலைக் கன்றுக்கு ஊற்றுவதையும் விடுங்கள். ஈயும் குற்றவாளி, காம்பு நுனியில் கடித்துப் புண்ணாக்கி ஸ்டெபிலோகாக்கஸ் கிருமியைக் கன்றுக்குக் கன்று கொண்டுபோகும்.

மடி பெருக்க எண்ணெய் தடவலாமா? ஊசி இருக்கிறதாமே?

எண்ணெயால் தோல் மினுக்கும், அவ்வளவுதான். ஊசி வேண்டாம்.

எட்டு மாதக் கன்று, சினை இல்லை. மடி திடீரென்று பெருத்து இறங்கியிருக்கிறது.

சினை இல்லை என்று யார் சொன்னது? கூடவே காளைக்கன்று நின்றால் சினையா என்று முதலில் சோதியுங்கள், சிரிக்காதீர்கள். சினை இல்லையென்றால் இன்னொரு கன்று சப்புகிறதா பாருங்கள். அதுவும் இல்லையென்றால் தீவன மூட்டையைத் திறந்து முகருங்கள். பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தில் ஜீராலெனோன் என்ற நஞ்சு இருக்கலாம், அது பெண் ஹார்மோன் போலவே வேலை செய்யும். பிறப்புறுப்பும் வீங்கியிருந்தால் அந்த மூட்டையை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஒரு பாகம் மட்டும் சூடாக, வலியோடு வீங்கினால் அது மடிநோய், அன்றைக்கே பார்க்க வேண்டும்.

காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடேரி. ஒரு வயதாகியும் காம்பு மிளகு மாதிரியே இருக்கிறது.

வருத்தமான பதில்தான். இப்படிப் பிறக்கும் கிடேரிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மலடு. கருவில் இருவரின் ரத்தமும் கலந்ததால் வருவது, உங்கள் வளர்ப்பில் குறை இல்லை. மருத்துவர் உள்ளே சோதித்துச் சொன்ன பிறகு முடிவெடுங்கள்.

தலை ஈற்றுக் கிடேரி, இன்னும் பத்து நாளில் ஈனும். மடி கல் மாதிரி, தொப்புள் வரை வீக்கம். முன்கூட்டியே கறந்துவிடலாமா?

விரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து மெதுவாக நிரம்பினால் அது நீர்வீக்கம், தலை ஈற்றில் சகஜம். கறக்காதீர்கள், சீம்பாலை இழந்துவிடுவீர்கள். உப்பைக் குறையுங்கள், காலையும் மாலையும் நடக்க விடுங்கள், கீழிருந்து மேலாக மெதுவாகத் தடவிக் கொடுங்கள். தோல் வெடித்தாலோ காம்பில் பால் தானாக ஒழுகினாலோ மருத்துவரிடம் கேட்டுவிட்டு அடுத்ததைச் செய்யுங்கள். ஒழுகிய சீம்பாலை வீணாக்காமல் சுத்தமாகப் பிடித்து உறைய வையுங்கள். கன்று பிறந்ததும் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து இளக்கிக் கொடுக்கலாம், நேராக அடுப்பில் ஏற்றிவிடாதீர்கள்.