பைதன் நிரல்மொழியில் அகராதியை (dictionary, ஒரு சாவியோடு அதற்குரிய பெறுமானத்தைச் சேர்த்து வைப்பது) உருவாக்குவது எப்படி? பெயருக்கு ஒன்று, எண்ணுக்கு ஒன்று என்று இரண்டு பட்டியல் வைத்தால் போதாதா?

இரண்டு பட்டியலை வைத்தும் வேலையை ஓட்டலாம். ஆனால் ஒன்றில் ஒரு பெயரை நீக்கிவிட்டு மற்றதில் அதற்குரிய எண்ணை நீக்க மறந்தால், பின்னால் இருக்கிற எல்லாருடைய கணக்கும் ஓர் ஆள் தள்ளிப் போய்விடும். அகராதியில் சாவியும் பெறுமானமும் சேர்ந்தே இருக்கும், நீக்கினால் சேர்ந்தே போகும்.

நான் இலங்கையில் ஹட்டன் பக்கம். அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர். உயர்தர ஐசிடி பாடத்தில் அகராதி வந்தபோது, மடுவத்தில், அதாவது தோட்டத்து நிறுவைக் கொட்டகையில், கொழுந்து நிறுப்பதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. தராசில் விழுகிற கிலோவை ஏட்டில் அந்த ஆளின் பெயருக்கு நேரே எழுதுவார்கள். பெயர் சாவி, கிலோ பெறுமானம். அன்று வீட்டுக்கு வந்து இப்படி எழுதிப் பார்த்தேன்:

கொழுந்து = {"லெட்சுமி": 7, "செல்வி": 8, "லெட்சுமி": 9}

உருவாக்குவது இவ்வளவுதான். நெளிவான அடைப்புக்குறி, சாவி, முக்காற்புள்ளி, பெறுமானம், அடுத்ததற்கு முன் ஒரு காற்புள்ளி. மாறிக்கு (இங்கே 'கொழுந்து') தமிழில் பெயர் வைத்தாலும் பைதன் 3 ஏற்றுக்கொள்ளும்.

ஓட்டிப் பார்த்தால் மூன்று பேருக்குப் பதில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். ஒரு சாவி ஒரு தடவைதான் இருக்க முடியும். இரண்டாவது தடவை வந்தால் பழைய பெறுமானத்தின் மேல் புதியது உட்கார்ந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. முதல் லெட்சுமியின் 7 கிலோ சத்தமில்லாமல் போய்விட்டது. நிஜ ஏட்டில் அப்படி நடந்தால் அந்த அக்காவுக்கு அன்றைக்கு முழுப் பேர் (முழு நாள் சம்பளம்) விழாது, அரைப் பேர்தான். அதனால்தான் சொல்கிறேன், அடைப்புக்குறியை விட எதைச் சாவியாக வைப்பது என்று யோசிப்பதுதான் பெரிய வேலை. லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) இரண்டு லெட்சுமி இருக்கிற ஊரில் பெயர் சாவியாகாது. செக்ரோல் நம்பர், அதாவது தோட்டத்துப் பெயர்ப் பதிவேட்டில் உள்ள நம்பர், ஆளுக்கு ஒன்றுதான்:

கொழுந்து = {}
கொழுந்து["0214"] = 7
கொழுந்து["0231"] = 9

நம்பரை மேற்கோள் குறிக்குள் வைத்ததைக் கவனியுங்கள். குறி இல்லாமல் 0214 என்று எழுதினால் முன்னால் இருக்கிற பூச்சியத்தைப் பார்த்து பைதன் 3 வரியையே ஏற்காது. இன்னொன்று, "214" வேறு, 214 வேறு. விசைப்பலகையில் இன்புட் (input) மூலம் வாங்குவது எப்போதும் எழுத்தாகத்தான் வரும். சாவியை எண்ணாக வைத்துவிட்டு எழுத்தாகத் தேடினால், கண்ணுக்கு முன்னால் இருக்கிற ஆளையே காணோம் என்று கீஎரர் (KeyError, சாவி இல்லை என்கிற பிழை) காட்டும்.

பகல் நிறுவையைக் கூட்ட வேண்டுமா? கொழுந்து["0214"] += 6 போதும். ஆனால் காலையில் வராமல் பகலில் வந்தவருக்கு இன்னும் சாவி இல்லையே, அங்கேயும் கீஎரர்தான். அதற்குத்தான் கெட் (get) இருக்கிறது. தேடுகிற சாவியோடு 0 என்பதையும் கொடுங்கள். ஆள் இருந்தால் கிலோவைத் தரும், இல்லாவிட்டால் 0 தரும். அதோடு புதிய கிலோவைக் கூட்டித் திரும்ப எழுதிவிடலாம்.

சரி, ஒவ்வொரு நிறுவையும் தனித்தனியாக வேண்டுமென்றால்? பட்டியலைச் சாவியாக வைக்க முடியாது, அது மாறக்கூடியது. டியூப்பிளை (tuple, மாற்ற முடியாத பட்டியல் மாதிரி) வைக்கலாம்:

கொழுந்து[("0214", "காலை")] = 7
கொழுந்து[("0214", "பகல்")] = 6
கொழுந்து[("0214", "மாலை")] = 5

0214 என் அம்மாவுக்காக நான் போட்ட நம்பர். அன்று சாயந்திரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, காலையில் எவ்வளவு, பகலில் எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மூன்றையும் காட்ட முடிந்தது.