முன்பின் தெரியாதவரிடம் இணையத்தில் வாதிட்டுப் பயன் உண்டா?

உண்டு. ஆனால் பயன் எதிராளிக்கு அல்ல, ஓரமாக நின்று படிப்பவர்களுக்கு.

தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்று ஒருவர் சொல்கிறார். "முட்டாள்" என்றீர்களானால் பேச்சு அங்கேயே முடிந்தது. அந்தப் பயம் எங்கே கிளம்பியது என்று சொல்லிப் பாருங்கள். 1998இல் லான்செட் என்ற மருத்துவ இதழில், வெறும் 12 குழந்தைகளை வைத்து வந்த கட்டுரை அது. 2010இல் இதழே அதைத் திரும்பப் பெற்றது. 2019இல் டென்மார்க்கில் 6.5 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை அலசினார்கள். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றையும் தடுக்கும் எம்எம்ஆர் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பே தென்படவில்லை.

இதை எழுதியபோது எதிராளி மசியவில்லை. வசவு தொடங்கியதும் சரி, போதும் என்று நிறுத்திக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து, அதுவரை வாயே திறக்காத ஒரு தாய் கேட்டார்: "ஊசி போட்டால் காய்ச்சல் வருமாமே, பயப்பட வேண்டுமா?" அவருக்குத்தான் நிதானமாக, நீளமாகப் பதில் எழுதினேன்.