இங்கிலாந்து மன்னர்களுக்கு முறைதவறிப் பிறந்த பிள்ளைகளுக்குப் பிரபுப் பட்டம் எப்படிக் கிடைத்தது?

பதில் எழுதாமல் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். 'முறைதவறிப் பிறந்த' என்ற சொல் விடவில்லை. முறை தவறியிருந்தால் அது பெற்றவர்கள். பிறந்த குழந்தை என்ன செய்தது? ஏதாவது தொடர் பார்த்துவிட்டோ, தேர்வுக்குப் படிக்கும்போதோ கேட்டிருப்பீர்கள். உங்கள் மேல் கோபமில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிறப்பால் அவர்களுக்கு எந்த உரிமையும் கிடையாது. மணவுறவுக்கு வெளியே பிறந்த குழந்தை 'யாருடைய பிள்ளையும் அல்ல' என்பதுதான் பழைய ஆங்கிலச் சட்டம். அப்பாவின் பட்டம் தானாக வராது. ஆனால் புதிதாக ஒரு பட்டத்தை உண்டாக்கி, தான் விரும்பியவருக்குச் சாசனம் எழுதிக் கொடுக்க மன்னருக்கு அதிகாரம் இருந்தது. இரண்டாம் சார்லஸ் அப்படித்தான் மற்ற பெண்களிடம் பிறந்த தன் மகன்களில் ஆறு பேரை டியூக் ஆக்கினார். பிரபுப் பட்டங்களில் மிக உயர்ந்தது அதுதான். அரசி கேத்தரினுக்குப் பிள்ளை தங்கவில்லை. கிராஃப்டன், ரிச்மண்ட், செயின்ட் ஆல்பன்ஸ் பட்டங்கள் இன்றும் அந்த வம்சங்களில் இருக்கின்றன. மூத்தவர் மன்மத் டியூக், அப்பா இறந்ததும் 1685-ல் சிம்மாசனத்துக்கே உரிமை கோரிப் படை திரட்டினார். தோற்றார், தலையை வெட்டிவிட்டார்கள்.

என் மனதில் நிற்பவன் அதற்கும் முந்தையவன். எட்டாம் ஹென்றிக்கும் எலிசபெத் பிளவுண்டுக்கும் பிறந்த ஹென்றி ஃபிட்ஸ்ராய். ஃபிட்ஸ்ராய் என்றாலே அரசனின் மகன் என்று பொருள். 1525-ல், ஆறு வயதில், ரிச்மண்டுக்கும் சாமர்செட்டுக்கும் டியூக் ஆக்கினார்கள். 17 வயதில் இறந்துபோனான். உடலை வண்டியில் வைக்கோலுக்கு அடியில் மறைத்து, சத்தமில்லாமல் கொண்டுபோய்ப் புதைத்தார்கள்.

நான் இங்கிலாந்தில், இப்ஸ்விச்சில் செவிலியராக இருக்கிறேன். போன வருடம் மகளை ஃபிராம்லிங்கம் கோட்டைக்குக் கூட்டிப்போனேன். பக்கத்துத் தேவாலயத்தில்தான் அவன் கல்லறை. மேல் விளிம்பில் பழைய ஏற்பாட்டுக் காட்சிகளைச் சின்னச் சின்னதாகச் செதுக்கியிருக்கிறார்கள். மகள் எக்கி நின்று பார்த்தாள். கதையைச் சொன்னேன். "ஆறு வயசா? என்னைவிடச் சின்னப் பையன்" என்றாள். அப்புறம், "வைக்கோலுக்குள்ள ஏம்மா ஒளிச்சாங்க?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

அவளை நான் தனியாகத்தான் வளர்க்கிறேன். அவள் அப்பாவும் நானும் மணம் செய்துகொள்ளவில்லை. ராஜா வீட்டுப் பிள்ளையோடு உன் பிள்ளையை ஒப்பிடுகிறாயா என்று யாராவது வருவார்கள். ஒப்பிடவில்லை. அந்த மன்னர்கள் செய்ததை நியாயப்படுத்தவும் இல்லை. அந்தப் பெண்களில் எத்தனை பேருக்கு மறுக்கும் துணிவு இருந்திருக்கும்? நான் பேசுவது பிள்ளைகளைப் பற்றி மட்டும்.

ஊருக்கு வந்தபோது அவளுக்காக ஒரு தாளில் கையெழுத்து வாங்க ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். தகப்பனார் பெயர் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தேன். "அப்பா பேர் இல்லாம எப்படிம்மா? யார் பேராவது போட்டுக் குடுங்க" என்றார் அங்கிருந்தவர், வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி. மணமாகாத தாய், தகப்பன் யாரென்று சொல்லாமலே தன் குழந்தைக்குக் காப்பாளராகலாம் என்று 2015-லேயே இந்திய உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை எடுத்துச் சொல்லியும் மூன்று நாள் அலையவிட்டார்கள். மகள் என் கையைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

ஒன்றை விட்டுவிட்டேன். ஃபிட்ஸ்ராய் இறந்த அதே 1536-ல் ஹென்றியின் மகள்கள் மேரி, எலிசபெத் இருவரையுமே சட்டப்படி பிறந்தவர்கள் அல்ல என்று நாடாளுமன்றம் அறிவித்தது. பின்னாளில் இருவரும் அடுத்தடுத்து இங்கிலாந்தை ஆண்டார்கள்.

கேள்வியைத் திருத்த முடிந்தால் 'மணவுறவுக்கு வெளியே பிறந்த' என்று மாற்றிவிடுங்கள். என் மகள் இப்போதுதான் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகுகிறாள்.