மிராசோல் போன்ற சிறு ஊர் கால்பந்து கிளப் பிரேசிலின் முதல் டிவிஷனுக்கு எப்படி வந்தது?

பணக்கார முதலாளி யாரோ வாங்கிவிட்டார் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சாவோ பாலோ மாநிலத்தின் உட்பகுதியில், சுமார் 60,000 பேர் வாழும் ஊர் மிராசோல். 1925-இல் தொடங்கிய கிளப், பெரும்பாலான காலம் மாநிலப் போட்டிகளோடு நின்றுவிட்டது.

திருப்பம் ஒரு பையனால் வந்தது. இங்கே இளையோர் அணியில் வளர்ந்த லூயிஸ் அராவுஜோ, சாவோ பாலோ கிளப்புக்குப் போய், 2017-இல் பிரான்சின் லீல் அணிக்கு விற்கப்பட்டார். அந்தத் தொகையில் மிராசோலுக்கும் பங்கு உண்டு. வழக்கமாக இப்படிக் கையில் காசு வந்தால் வயதான நட்சத்திர ஆட்டக்காரர்களைக் கூட்டிவந்து ஒரே சீசனில் கரைத்துவிடுவார்கள். இவர்கள் பயிற்சி மையம் கட்டினார்கள்; என்னைக் கேட்டால் முழு விஷயமும் இதில்தான் இருக்கிறது.

பிறகு படிப்படியாக ஏற்றம்: 2020-இல் நான்காம் டிவிஷன் சாம்பியன், 2022-இல் மூன்றாம் டிவிஷன் சாம்பியன், 2024-இல் இரண்டாம் டிவிஷனில் சாண்டோஸ் அணிக்கு அடுத்த இடம். முதல் டிவிஷனில் கால்வைத்த 2025-லேயே நான்காவதாக முடித்து, தென் அமெரிக்காவின் உச்சப் போட்டியான கோப்பா லிபர்டடோரஸுக்கும் தகுதி பெற்றார்கள். அவர்களின் மையான் மைதானத்தில் ஊரின் கால்வாசிப் பேரை உட்காரவைத்துவிடலாம்!