‘குழுவா, தனியாளா?’ விண்ணப்பக் கேள்விக்கு என்ன எழுதுவது?

கேள்வி: திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் 2 வருடமாக உதவி மெர்ச்சண்டைசராக (ஆர்டர்களை முடியும்வரை பின்தொடர்கிற வேலை) இருக்கிறேன். இப்போது ஒரு பையிங் ஆபீசுக்கு (பையர், அதாவது வாங்கும் நிறுவனம், சார்பில் ஃபேக்டரிகளிடம் ஆர்டர் கொடுத்துப் பார்த்துக்கொள்ளும் அலுவலகம்) விண்ணப்பிக்கிறேன். ஆன்லைன் படிவத்தில், குழுவாகச் சேர்ந்து வேலை செய்த சம்பவம் ஒன்று, மேற்பார்வை இல்லாமல் தனியாகச் செய்த வேலை ஒன்று என இரண்டு கேட்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் 150 சொற்கள், ஆங்கிலத்தில். முதலாவதை நன்றாக எழுதினால் தனியாக ஒன்றும் தெரியாதவள் என்றும், இரண்டாவதை நன்றாக எழுதினால் யாரோடும் ஒத்துப்போகாதவள் என்றும் நினைத்துவிடுவார்களோ? பெரிதாக எதையும் சாதித்ததும் இல்லை. ஒருமுறை துணி ஷேடு (நிறச் சாயல்) மாறி வந்தபோது எல்லோரும் சேர்ந்து சமாளித்தோம். மேனேஜர் லீவில் இருந்த ஒரு வாரம் ஆர்டர்களைப் பார்த்துக்கொண்டேன். அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.
வாசகி, அவிநாசி

பதில்: நீங்கள் இணைத்திருந்த பதிலையும் படித்தேன். ‘எனக்குக் குழுவாகவும் வேலை செய்யத் தெரியும், தனியாகவும் செய்யத் தெரியும், நான் கடின உழைப்பாளி’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவர்கள் கேட்டது ஒரு சம்பவம். நீங்கள் கொடுத்திருப்பது உங்களுக்கு நீங்களே எழுதிக்கொண்ட நற்சான்று. இதே வரியை எழுதுகிறவர்கள் ஏராளம், அதனால் படிக்கிறவர் கண்ணில் அது நிற்காது.

அந்தப் பயத்தை முதலில் விடுங்கள். ஆள் எடுக்கிற பக்கம் 11 வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு கேள்வியையும் எதிரெதிராக வைத்து நான் படித்ததே இல்லை. குழுக் கேள்வியில் நான் தேடுவது, இத்தனை பேர் நடுவில் இவர் கைபட்ட வேலை எது என்பதை. தனியாள் கேள்வியில் தேடுவது, தனியாக விட்டால் எதுவரை தானே முடிவெடுப்பார், எந்த இடத்தில் நின்று கேட்பார் என்பதை. ஆகவே குழுப் பதிலில் ‘நான்’ தெரிய வேண்டும், தனியாள் பதிலில் மற்றவர்கள் தெரிய வேண்டும். வருகிற விண்ணப்பங்களில் பெரும்பாலும் இது தலைகீழாகத்தான் இருக்கிறது.

‘நான் செய்தேன்’ என்று சொல்ல நமக்கு நாக்குக் கூசும். வீட்டில் வளர்த்த விதம் அப்படி. ‘நாங்க பாத்துக்கிட்டோம்’, ‘சரி பண்ணியாச்சு’ என்றே பேசிப் பழகிவிட்டு, ஆங்கிலத்திலும் அதையே எழுதுகிறோம். வரிக்கு வரி ‘நாங்கள்’ என்று எழுதியிருந்த ஒருவரின் விண்ணப்பத்தை, இவர் பங்கு என்னவென்று தெரியவில்லையே என்று ஒதுக்கிவைத்தேன். பிறகு அவரோடு வேலை பார்த்தவர் சொல்லித் தெரிந்தது, அந்த வேலையில் முக்கால்வாசி அவர் செய்ததுதான். அதற்குள் அந்த இடத்துக்கு ஆள் எடுத்தாகிவிட்டது. இன்றும் எனக்கு அது வருத்தம். உங்களுக்கு இவ்வளவு விரிவாக எழுதுவதும் அதனால்தான்.

சாதனை இல்லை என்கிறீர்கள். ஷேடு மாறிய அந்த ஒரு விஷயமே போதும். அங்கே சரியாக என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. இப்படி நடந்திருந்தால் எப்படி எழுதலாம் என்று காட்டுகிறேன், உங்கள் கணக்கைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்:

‘ஒரு டி-ஷர்ட் ஆர்டருக்கு டையிங்கிலிருந்து (சாயப்பட்டறை) வந்த 40 ரோல்களில் ஷேடு வித்தியாசம் இருந்தது. மறுநாள் காலை கட்டிங். ஒவ்வொரு ரோலிலும் ஒரு துண்டு வெட்டி, பையர் அப்ரூவ் செய்த லேப் டிப்போடு (சாய மாதிரித் துண்டு) சேர்த்து லைட் பாக்ஸில் டி65 (பகல் வெளிச்சம்), டிஎல்84 (கடை விளக்கு) இரண்டு வெளிச்சத்திலும் பார்த்தேன். குவாலிட்டி கன்ட்ரோலரும் நானும் ரோல்களை ஷேடு வாரியாகப் பிரித்தோம். 5 ரோல் தேறவில்லை. அந்தத் துண்டுகளை டையிங் மேனேஜரிடம் காட்டி, ரீ-பிராசஸுக்கு (மறுபடி சாயமிட) ஒப்புக்கொள்ள வைத்தேன். மற்றவற்றை ஷேடுக்கு ஒரு லேயாக (வெட்டுவதற்கு விரிக்கும் துணி அடுக்கு) போடச் சொல்லி கட்டிங் மாஸ்டரிடம் கேட்டேன். ஒரே சட்டையில் உடம்பும் கையும் வேறு ஷேடில் சேராதபடி பண்டில்களில் குறியிட்டேன். ஷிப்மென்ட் குறித்த தேதியில் போனது.’

இதில் ‘பிரித்தோம்’ ஒரே இடத்தில்தான் வருகிறது, உண்மையிலேயே இருவர் செய்த இடத்தில். மற்ற எல்லா வினைச்சொல்லும் உங்களுடையது. அதே சமயம் நான்கு பேர் உள்ளே இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. டையிங்காரர் மேல் பழி இல்லை. இது ரொம்ப முக்கியம். பழைய இடத்து ஆட்களைக் குறை சொல்கிறவர் நாளை எங்களையும் சொல்வார் என்றுதான் எடுத்துக்கொள்வோம். பையர் பெயர், விலை இரண்டையும் எங்கேயும் எழுதாதீர்கள்.

ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ஹெல்ப்டு’, ‘சப்போர்ட்டட்’, ‘இன்வால்வ்டு இன்’ மூன்றையும் தேடி எடுத்துவிடுங்கள். செய்த வேலையை மூடி மறைக்கிற சொற்கள் அவை. ‘செக்டு’, ‘சார்ட்டட்’, ‘கால்டு’, ‘மார்க்டு’ என்று கையும் காலும் தெரிகிற வினைகள் போதும். நீளக் கணக்கும் பாருங்கள். 150 சொல்லில் சூழ்நிலைக்கு 30, முடிவுக்கு 30, நடுவில் நீங்கள் செய்ததற்கு 90. ஸ்டார் முறை (சூழ்நிலை, பொறுப்பு, செயல், முடிவு) என்று நேர்காணல் பயிற்சியில் சொல்லிக்கொடுப்பதும் இதே வரிசைதான்.

இரண்டாவது கேள்விக்கு மேனேஜர் லீவில் இருந்த வாரத்தை எடுங்கள். ஆனால் ‘எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொண்டேன்’ என்று எழுதினால் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கும். சட்டையில் தைக்கிற மெயின் லேபிளில் மாற்றம் என்று சாயங்காலம் பையரிடமிருந்து மெயில் வந்தது என்று வைத்துக்கொள்வோம். லேபிள் பிரிண்டரைக் கூப்பிட்டு வேலையை நிறுத்தச் சொன்னீர்கள், அது உங்கள் முடிவு. எவ்வளவு அடித்துவிட்டார்கள் என்று எண்ணிச் சொல்ல வைத்தீர்கள், அதுவும் உங்கள் முடிவு. கூடுதல் செலவை யார் ஏற்பது என்பதில் மட்டும் கைவைக்காமல், எண்ணிக்கையோடு மேனேஜருக்குச் செய்தி அனுப்பி பதிலுக்குக் காத்திருந்தீர்கள். அந்தக் கடைசி வரிதான் உங்களுக்கு வேலை வாங்கித் தரும். பையிங் ஆபீசில் பல நேரம் ஃபேக்டரிகளுக்குத் தனியாகத்தான் போய்வருவீர்கள். தன் எல்லை தெரிந்தவரை நம்பி அனுப்பலாம்.

சில படிவங்களில் ‘எது உங்களுக்குப் பிடிக்கும்?’ என்று கேட்டு ஒன்றை டிக் செய்யச் சொல்வார்கள். வேலை விவரத்தைப் படித்து, அந்த வேலையில் எது அதிகமோ அது உங்களுக்கும் ஒத்துவருமா என்று பாருங்கள். ஒத்துவராவிட்டால் அந்த வேலையைப் பற்றி ஒருமுறை யோசிக்கலாம். பொய்யாக டிக் செய்ய வேண்டாம்.

அனுபவமே இல்லாதவர்களும் இதைக் கேட்கிறார்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தின் 7 நாள் முகாமில் சாப்பாட்டுக் கணக்கைப் பார்த்தது, வீட்டுத் தறிக்குப் பாவு வாங்கிவந்து கணக்கு எழுதியது, எதுவானாலும் சரி.

இரண்டு பதிலுக்கும் ஒரே சம்பவத்தை எழுதாதீர்கள். நேர்காணலில் ‘குவாலிட்டி கன்ட்ரோலர் ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன செய்திருப்பீர்கள்?’ என்று நிச்சயம் நோண்டுவார்கள். 5 நிமிடம் விவரமாகப் பேசக்கூடியதை மட்டும் எழுதுங்கள். படிவத்தில் நேரடியாக டைப் செய்யாமல் தனியாக எழுதி, எண்ணி, பிறகு ஒட்டுங்கள். சில படிவங்கள் வரம்பைத் தாண்டியதை வெட்டிவிடும்.

எத்தனை ரோல், எந்தத் தேதி என்பது நினைவில் இல்லையென்றால் அந்த வாரத்து டைரியைப் புரட்டுங்கள். மெர்ச்சண்டைசர் டைரியில் அது கட்டாயம் இருக்கும். வியாழன் இரவுக்குள் இரண்டையும் அனுப்பினால் ஒருமுறை படித்துச் சொல்கிறேன்.