குன்னூர் கேள்வி பதில்: மூளைக்குள் அழற்சி

கோத்தகிரி மாணவி: சார், மூளையில் அழற்சி என்றால் அங்கே உண்மையில் என்ன நடக்கிறது?

நரம்புச் செல்லைச் சுற்றித் துணைச் செல்கள் நிறைய உண்டும்மா. அவற்றில் காவல் வேலை மைக்ரோகிளியாவுக்கு. 1919-இல் ஸ்பெயின் நாட்டு ரியோ ஓர்தேகா அதைத் தனி வகை என்று காட்டினார். கொழுந்து எடுப்பவர்களின் விரல் செடி மேல் ஓடுமே, அப்படித் தன் மெல்லிய கிளைகளால் அக்கம்பக்கத்தை ஓயாமல் தடவிக்கொண்டிருக்கும். கிருமியோ செத்த செல்லின் துணுக்கோ தட்டுப்பட்டால் கிளைகளைச் சுருக்கி, உடல் பருத்து, சைட்டோகைன் என்ற சிறு புரதங்களைக் கக்கும். பக்கத்துச் செல்களுக்கு அதுதான் சேதி. இந்தக் கிளர்ச்சிதான் அழற்சி. 2017-இல் எலிகளில் செய்த ஆய்வில், மைக்ரோகிளியா விட்ட இன்டர்லூகின்-1 ஆல்ஃபா, டி.என்.எஃப்., சி1க்யூ என்ற அழற்சிப் புரதங்கள் மூன்றும் சேர்ந்தபோது, நரம்புச் செல்லைப் பேணி வந்த ஆஸ்ட்ரோசைட்டே அதைக் கொல்லத் தொடங்கியது. எனக்கு இன்றும் மனதை உலுக்கும் முடிவு இது.

வெலிங்டன் வாசகர்: காய்ச்சலில் சாப்பாடு பிடிக்காமல், யாரோடும் பேசப் பிடிக்காமல் போவதும் இதனாலா?

ஆமாம். உடம்பில் கிளம்பும் சைட்டோகைன்களின் சேதி மூளைக்கும் எட்டுகிறது. அங்கே ரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்கள் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளைச் செய்ய, உடல் சூடு ஏறுகிறது. சோர்வும் அதே சேதியால்தான். படுத்துத் தூங்கட்டும், விடுங்கள்.

ஊட்டிப் பெரியவர்: 1907-இல் வெறிநாய்க்கடி மருந்துக்கான பாஸ்டர் நிறுவனம் வந்த குன்னூர் பக்கத்தில் வளர்ந்தவன் நான். நாய் கடித்தால் அப்போது தொப்புளைச் சுற்றி ஊசி. அந்தப் பழைய ஊசியால் சிலருக்குக் கால் விழுந்துவிடும் என்பார்களே, நிஜமா ஐயா?

நிஜம்தான் ஐயா, அபூர்வமாக நடந்தது. உலகில் பல இடங்களில் அந்த மருந்தை ஆட்டு மூளையில் செய்தார்கள். அதில் நரம்பின் உறையான மயலினும் கலந்திருந்தது. சிலருடைய டி செல்கள், அதாவது நோயை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளணுக்கள், அதைப் பகையாகப் பழகிக்கொண்டு தங்கள் மயலினையே தாக்கின. இன்டர்ஃபெரான் காமா என்ற சைட்டோகைனை விட்டு மைக்ரோகிளியாவையும் உசுப்பின. இந்தியாவில் அந்த வகைத் தயாரிப்பு 2004 இறுதியில் நின்றது. இப்போதைய ஊசி செல் வளர்ப்பில் செய்வது, மூளைத் திசு கிடையாது. கடிபட்டால் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, அன்றே ஊசிக்குப் போங்கள். பழைய பயத்தில் ஒருவர்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

குன்னூர் இல்லத்தரசி: மறதிக்கு மஞ்சள் மாத்திரை?

ஆய்வகத் தட்டில் மஞ்சளில் உள்ள குர்குமின் அழற்சியை அடக்குகிறது. விழுங்கினால் ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. குழம்பில் போடுங்கள், அது போதும்.

கூடலூர் வாசகி: அக்காவுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், உடம்பின் எதிர்ப்புச் செல்களே மயலினைத் தாக்கும் நோய். இப்போது மூட்டு வாதமும் வந்து, டி.என்.எஃப்.-ஐ அடக்கும் ஊசி பற்றிப் பேசுகிறார்கள். மூளைக்கும் நல்லதுதானே?

இல்லை அம்மா, இங்கே கவனம் வேண்டும். அப்படித்தான் மருத்துவர்களும் நினைத்தார்கள். 1999-இல் வெளிவந்த சோதனையில் அந்த வகை மருந்து பெற்ற மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளுக்கு நோய் அடிக்கடி மூண்டது. ஒரே டி.என்.எஃப். செல்லின் மேலுள்ள ஓர் ஏற்பியில் (சேதியை வாங்கும் புரதத்தில்) ஒட்டினால் அழற்சி. இன்னொன்றில் ஒட்டினால் மயலினைத் திரும்பக் கட்ட உதவுகிறது என்று எலிகளில் பார்த்திருக்கிறார்கள். மொத்தமாக அடைத்தால் இரண்டும் போச்சு. முதல் ஊசிக்கு முன்பே மூட்டு மருத்துவரிடம் நரம்பு நோயின் ஃபைலைக் காட்டுங்கள்.